பேட்டரிக்கு வைத்த பொட்டு

எனக்குச் சந்தேக புத்தி உண்டு. மறைத்து என்ன ஆகப்போகிறது, எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் ஸ்ட்ராபெரி வாங்கினால் டப்பாவைக் கவிழ்த்து அடியில் கிடக்கும் பழத்தைப் பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால் கைப்பையை மறுகைக்கு மாற்றிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். "உன்னைப் போலீஸ்ல சேர்த்திருந்தா ஊர்ல பாதிப் பேரு உள்ள இருப்பான்லா, அதுவும் தப்பே செய்யாத பாதி" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது வருவதில்லை.

நான் பக்கி ஓட்டுகிறேன், சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிச் செல்லும் சின்னத் திறந்த வண்டி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அந்தப் பேரைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கீழே கார் நிறுத்துமிடம், மேலே குன்றின் உச்சியில் தோட்டத்துத் தேநீர்க்கடை. நடக்க முடியாதவர்களையும் நடக்க மனமில்லாதவர்களையும் ஆறு ஆறு பேராக ஏற்றிக்கொண்டு போய் மேலே விடுவது என் வேலை. முன்பு கொழுந்து வெட்டினேன், முட்டி போய்விட்டது, இதில் போட்டார்கள். பெட்ரோல் கிடையாது. சீட்டுக்கு அடியில் ஆறு பேட்டரிகள், லாரியில் இருக்குமே, அந்த மாதிரி தண்ணி ஊற்றுகிற பேட்டரிகள். வண்டிக்கு ஒரு சார்ஜர், சாயங்காலம் கொட்டகையில் விட்டு சார்ஜ் போட்டால் காலையில் தயாராக இருக்கும்.

வண்டிகள் இரண்டு. ஒன்று என்னுடையது, இன்னொன்றை ஓட்டியவன் முப்பது வயதுப் பையன். கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். எங்கள் தோட்டத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் என் வீட்டுக்கு எதிரே வீடு கொடுத்திருந்தார்கள். மனைவி தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். என்னை அக்கா அக்கா என்று கூப்பிடுவான். கூப்பிடுகிற விதமே சரியில்லை என்று எனக்குத் தோன்றும். கேட்காமலே மரியாதை கொடுப்பவனிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டு வண்டிகளுக்கும் ஒரே நாளில்தான் புதுப் பேட்டரி போட்டார்கள். ஆனால் சில மாதங்களில் என் வண்டி மதியத்துக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்றாவது ஏற்றத்தில், வளைவுக்குச் சற்று முன்னால், முனகி நின்றுவிடும். ஒருநாள் கிளந்தானிலிருந்து வந்த குடும்பம் ஒன்று இறங்கித் தள்ளியது, அந்தக் குடும்பத்துப் பாட்டி உட்பட. எனக்கு மானம் போயிற்று. அதே நேரம் அவன் வண்டி ஆறு பேரைச் சுமந்துகொண்டு என்னைத் தாண்டி மேலே போனது. போகிற போக்கில் "என்னாக்கா, உதவி வேணுமா?" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

குளிரில் பேட்டரிக்குள் நடக்கிற ரசாயன வேலை மந்தமாகிவிடும், அதனால் சக்தி குறையும் என்று முன்பு ஒருமுறை ஃபிட்டர் சொல்லியிருந்தார். சரி, மலைக்குளிர்தான் காரணம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். குளிர் என் வண்டிக்கு மட்டும் தனியாக அடிக்குமா என்ன? அவன் வண்டிக்கும் அதே குளிர்தானே. அங்கேதான் சந்தேகம் முளைத்தது.

அதன் பிறகு அவன் செய்ததெல்லாம் எனக்குக் களவாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் கொட்டகைக்கு வந்துவிடுவான். ஏன் வர வேண்டும்? வண்டியைத் துடைத்துத் துடைத்து வைப்பான். எந்தத் தடயத்தை அழிக்கிறான்? ஒரு காலையில் நான் உள்ளே நுழைந்தபோது என் வண்டியின் சீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். என்னைக் கண்டதும் நிமிர்ந்தான். "அக்கா, உங்க பேட்ரில ஏதோ வாடை வருது. அழுகின முட்டை மாதிரி. ஃபிட்டர்கிட்ட சொல்லுங்க" என்றான். கையும் களவுமாகப் பிடிபட்டவன் வேறென்ன சொல்லுவான்? வாடை எனக்கும் வந்ததுதான். பின்னால் இருந்த சாக்கடை என்று நினைத்தேன். அந்த நாட்களில் என் வேலைச் சட்டையின் கைகளில் துவைத்தபிறகு சின்னச் சின்னப் பொத்தல்கள் விழுந்துகொண்டிருந்தன. அதற்கு வீட்டுக் கரப்பான்பூச்சியைச் சந்தேகப்பட்டு அலமாரி முழுக்க மருந்தடித்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தோட்டத்தில் ஃபேக்டரி உருளையிலிருந்து கொழுந்து வெட்டும் கத்தரிவரை எல்லாவற்றுக்கும் பொட்டும் பூவும் உண்டு. பேட்டரிக் கொட்டகைக்குள் மட்டும் கற்பூரம் ஏற்றக்கூடாது, சார்ஜ் ஏறும்போது வரும் வாயு தீப்பிடிக்கும் என்று துரையின் கட்டளை. துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. கோலாலம்பூரில் படித்துவிட்டு வந்த தமிழர்தான், மேனேஜர். பேர் மட்டும் பழசு. கற்பூரத்தை வெளியே ஏற்றிவிட்டு, உள்ளே போய் என் வண்டியின் ஆறு பேட்டரிகளுக்கும் மேல்மூடியில் பொட்டு வைத்தேன். பக்திக்கு ஒரு பாதி, அடையாளத்துக்கு ஒரு பாதி. எவனாவது மாற்றினால் தெரிந்துவிடும் அல்லவா.

நான் வைத்தது கடைக் குங்குமம் இல்லை. கடைக் குங்குமம் வைத்தால் எனக்கு நெற்றி அரிக்கும். அதனால் மஞ்சள்தூளில் சுண்ணாம்பு கலந்து நானே செய்து காயவைத்து ஒரு சிமிழில் வைத்திருப்பேன். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. நல்ல அடர்சிவப்பு. ஆறு பொட்டையும் பூவோடு சேர்த்துக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் தன் வண்டிக்கு என்ன வைத்தான் என்று நான் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கூட்டம் அலைமோதும் நாள், என் வண்டி முதல் ஏற்றத்திலேயே நின்றது. ஆட்களை இறக்கிவிட்டுச் சீட்டைத் தூக்கினேன். ஆறு பேட்டரியிலும் பொட்டு இருந்தது. ஆனால் ஒன்றுகூடச் சிவப்பு இல்லை. ஆறும் மஞ்சள். நேரே கொட்டகைக்கு நடந்து, மதிய இடைவேளைக்காக அவன் நிறுத்தியிருந்த வண்டியின் சீட்டைத் தூக்கினேன். ஆறு பேட்டரி, ஆறு சிவப்புப் பொட்டு.

அவ்வளவுதான், பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது. தன் பேட்டரிகளுக்குச் சந்தனமோ மஞ்சளோ வைத்திருந்தவன், அவை நொந்துபோனதும் அப்படியே எடுத்து என் வண்டிக்குள் தள்ளிவிட்டு, என்னுடைய நல்ல ஆறையும் எடுத்துக்கொண்டான். பூஜைக்கு முன்பும் இப்படித்தான் மாற்றி மாற்றி வைத்திருப்பான், வேறு எப்படி இருக்க முடியும்?

வீட்டுக்காரரிடம் ஃபோனில் சொன்னேன். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று ஆரம்பித்தார். பழமொழியை ஃபேக்டரிச் சுவரில் எழுதி வையுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டு, துரையின் ஆபீசுக்குப் போனேன்.

துரை என் படத்தைப் பார்த்தார். இரண்டு வண்டிகளையும் வந்து பார்த்தார். அவனைக் கூப்பிட்டார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நானும் குங்குமந்தான் தொர வச்சேன். கடையில வாங்கினது" என்றான்.

யாராவது பார்த்தார்களா என்று துரை கேட்டார். யாரும் இல்லை. பேட்டரிகளின் எண்ணை யாரும் எழுதி வைக்கவும் இல்லை. துரை யோசிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"செவப்பா வச்ச பொட்டு எப்படித் தொர தானா மஞ்சளாவும்?" என்று கேட்டேன்.

அந்தக் கேள்விதான் தீர்ப்பாயிற்று. அந்த மாத முடிவோடு வேலை முடிந்தது, லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்றார் துரை. அதுவரை, பள்ளி விடுமுறைக் கூட்டம் இருப்பதால், ஓட்டச் சொன்னார். பேட்டரிகளை உடனே மாற்றி வைக்கவும் உத்தரவு. அவன் கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். மனைவிக்குப் பிரசவம் ஆகி வீட்டுக்கு வரும்வரை இந்த விஷயம் அவள் காதுக்குப் போகக்கூடாது. துரை சரி என்றார், என்னையும் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னார். நடிக்கிறான் பார், இரக்கத்துக்கு வலை வீசுகிறான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கடவுளே, அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

சிவப்புப் பொட்டு பேட்டரிகள் என் வண்டிக்கு வந்தன. வண்டி குதிரை மாதிரி ஏறியது. பார்த்தீர்களா என்று வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் பீற்றிக்கொண்டேன். ஒரு வாரம் ஆகவில்லை, சீட்டுக்கு அடியிலிருந்து மறுபடியும் அதே முட்டை வாடை. வேலை போகிற ஆத்திரத்தில் பேட்டரிக்குள் எதையோ ஊற்றிவிட்டான் என்று முடிவு செய்தேன். சாப்பாட்டுப் பையைக்கூடக் கொட்டகையில் வைப்பதை நிறுத்திவிட்டேன்.

திங்கட்கிழமை தேநீர்க்கடைக்கு விடுமுறை. அன்று மதியம் யாரோ கதவைத் தட்டினார்கள். அவனுடைய மாமியார். மகளின் பிரசவத்துக்காக ஈப்போவிலிருந்து வந்திருந்தார். தானா ராத்தா ஆஸ்பத்திரியிலிருந்து மகளும் பேத்தியும் வருகிறார்களாம்.

"ஆரத்தி எடுக்க ரெட்டையா ரெண்டு பொம்பளைங்க நிக்கணும்மா. இந்த லயத்துல நம்மாளு வீடுன்னு உங்க வீடுதான இருக்கு. வாங்கம்மா" என்றார்.

உண்மைதான். மற்ற வீடுகளிலெல்லாம் வங்காளதேசத்துப் பையன்களும் நேப்பாளிகளும். ஆனாலும் எனக்கு உள்ளே உறுத்தியது. இந்த அம்மாவுக்கு விஷயம் தெரியாதா? தெரிந்துதான் கூப்பிடுகிறாரா? நாலு பேர் முன்னால் வைத்து என் மானத்தை வாங்கும் திட்டமா? அந்த அம்மாவின் முகத்தை மேலும் கீழும் அளந்து பார்த்தேன். பேத்தி பிறந்த சந்தோஷத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. பச்சைக்குழந்தையை வரவேற்க வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சேலை மாற்றிக்கொண்டு போனேன்.

கார் வந்து நின்றது. மனைவி சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு இறங்கினாள். குழந்தை அவன் கையில் இருந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கும் என்னைப் பார்த்ததும் அவன் கால் நின்றுவிட்டது. குழந்தையை நெஞ்சோடு இன்னும் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மனைவிதான் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. மூன்று சுற்றுச் சுற்றினோம். மாமியார் ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு மகள் நெற்றியிலும் மாப்பிள்ளை நெற்றியிலும் வைத்தார். குழந்தைக்கு நீங்க வையுங்கம்மா என்றார். விரல் நுனியால் தொட்டு அந்தச் சின்ன நெற்றியில் வைத்தேன். சூடாக, மெத்தென்று இருந்தது. எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

அவர்கள் உள்ளே போனார்கள். மாமியார் ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக வெட்டி, வாசற்படியின் இரண்டு பக்கமும் வைக்க, குங்குமம் தடவ ஆரம்பித்தார். சாமி அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்திருந்தார். ஒரு பாதிக்குத் தடவியதும் பொட்டலம் காலி.

"ஆயுத பூசைக்கு மாப்பிள்ளை வாங்கினாராம். வண்டிக்கே பாதியத் தீர்த்துட்டாரு. உங்க வீட்டுல குங்குமம் இருக்காம்மா?" என்று கேட்டார்.

அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. வண்டிக்குக் குங்குமம். போய் என் சிமிழை எடுத்து வந்தேன். நான் வீட்டில் செய்யும் குங்குமம் நெற்றிக்கு மட்டும்தான், பழத்துக்கெல்லாம் அதைச் செலவழித்ததில்லை. மாமியார் ஒரு சிட்டிகை எடுத்து இரண்டாவது பாதியில் அழுத்தித் தடவினார். தடவிய இடம் என் கண் முன்னாலேயே வெளுத்தது. சிவப்பு ஆரஞ்சாகி, ஆரஞ்சு மஞ்சளாயிற்று. அந்தப் பக்கத்துப் பாதியில் கடைக் குங்குமம் இரத்தச் சிவப்பாக அப்படியே இருந்தது.

"உங்களுது சுத்த மஞ்சக் குங்குமம் போல. புளிப்புப் பட்டா திரும்ப மஞ்சளாயிரும்லம்மா" என்றார் அந்த அம்மா, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதுபோல.

எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். எத்தனை ஆரத்தி கரைத்திருப்பேன். சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும், புளிப்புப் பட்டால் பழையபடி மஞ்சளாகும். பேட்டரிக்குள் இருப்பது என்ன? ஆசிட். எலுமிச்சைக்கெல்லாம் அப்பன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், எனக்கு மட்டுக்கூட இருக்கவில்லை. படியில் பக்கம் பக்கமாக இருந்த சிவப்பையும் மஞ்சளையும் பார்த்துக்கொண்டே நின்றேன். சீட்டைத் தூக்கி நான் பார்த்த இரண்டு வண்டிகள்தான் அவை.

சிமிழைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினேன். முட்டி வலித்தது, ஓடினேன். ஞாயிறு சாயங்காலம் போட்ட சார்ஜ் விடியற்காலையிலேயே முடிந்து பச்சை விளக்கு எரிந்திருக்க வேண்டும். அவன் வண்டியின் சார்ஜரில் பச்சை. என்னிடமிருந்து அவனுக்குப் போன மஞ்சள் பொட்டு பேட்டரிகள் தொட்டால் ஜில்லென்று இருந்தன. என் சார்ஜரில் மதியம் தாண்டியும் சிவப்பு விளக்கு. சீட்டைத் தூக்கினால் முகத்தில் வெக்கை அடித்தது. உள்ளே உலை கொதிப்பதுபோல் சத்தம், மூடிகளின் மேல் பனித்துளி மாதிரி ஈரம், அந்த முட்டை வாடை. அவனிடமிருந்து வந்த சிவப்புப் பொட்டுகள் அந்த ஈரத்திலும் சிவப்பாகவே இருந்தன. என் சிமிழிலிருந்து ஒரு பொட்டு எடுத்து அதே மூடியின் ஈரத்தில் வைத்தேன். விரலை எடுப்பதற்குள் மஞ்சள்.

சார்ஜரை அணைத்துவிட்டு துரையைப் போய்க் கூட்டி வந்தேன். ஃபிட்டரும் வந்தார். சார்ஜர் தானாக நிற்பதற்கான பாகம் கெட்டிருந்தது. வண்டி ஓடும்போது பேட்டரிக்குள் நடக்கிற ரசாயன மாற்றத்தை, சார்ஜ் போடும்போது மின்சாரம் பின்னுக்குத் தள்ளிப் பழையபடி ஆக்குகிறது. அந்த வேலை முடிந்த பிறகும் மின்சாரம் நிற்காமல் வந்தால், பேட்டரி அதைச் சேர்த்து வைக்க முடியாமல் சூடாகக் கக்கும், தண்ணீரை உடைத்து வாயுவாக விடும், அந்த வாயு ஆசிட்டையும் தூவானமாகத் தூக்கிக்கொண்டு வரும். "சாப்பிட்டு முடிச்சவன் வாயிலயே திணிச்சிக்கிட்டு இருந்தா வாந்திதான வரும்" என்றார் ஃபிட்டர். கொட்டகையில் தொங்கிய என் வேலைச் சட்டையின் கையைப் பிடித்து அந்தப் பொத்தல்களைக் காட்டி, இதுவும் ஆசிட்தான் என்றார். வாடையைப் பற்றி முன்பே யாரும் சொல்லவில்லையா என்று துரை கேட்டார். சொன்னான் தொர, நான்தான் கேட்கவில்லை என்றேன்.

அவன் போக வேண்டாம், வேலையும் வீடும் அப்படியே இருக்கட்டும், நாளைக் காலையில் நானே சொல்கிறேன் என்றார் துரை. காலைவரை நான் எப்படிப் பொறுப்பேன்? விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்பே அவன் வாசலில் போய் நின்றேன். வெளியே வந்தான். முகத்தைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

"தம்பி, நீ எங்கயும் போவ வேணாம். தொர சொல்லிட்டாரு. வேலயும் இருக்கு, வீடும் இருக்கு. சார்ஜர்தான் கெட்டுப்போச்சி. தப்பு பூரா எம்மேலதான்" என்றேன்.

அவன் அவசரமாகக் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தான். அதற்குள் கதவுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது. "எந்த வீடு? யாரு போவணும்?" என்று கேட்டுக்கொண்டே குழந்தையோடு வந்து நின்றாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பச்சை உடம்புக்காரியின் காதில் விழக்கூடாது என்று எத்தனை நாள் காப்பாற்றி வைத்திருந்தான். அதையும் நானே கெடுத்தேன். இனி மறைக்க வழியில்லை. நான் அவனைத் திருடன் என்றதை, ஆபீசில் கேட்ட கேள்வியை, காலி செய்யச் சொன்ன வீட்டை, எல்லாவற்றையும் படிக்குக் கீழே நின்றபடி சொன்னேன். முடித்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்களயா ஆரத்தி எடுக்கக் கூப்பிட்டோம்" என்றாள்.

பிறகு சால்வை நுனியை எடுத்து, குழந்தையின் நெற்றியில் நான் வைத்திருந்த பொட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அது காய்ந்துபோயிருந்தது, சட்டென்று போகவில்லை. குழந்தை சிணுங்கியது. அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அக்கா, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றான் அவன். அப்போதும் அக்கா என்றுதான் சொன்னான்.